முப்பத்து நான்கும் முப்பத்தைந்தும்

முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பின் தீபாவளி விடுமுறை வரைக்கும் எங்கள் ராத்தாவின் மதிப்பெண் அட்டையில் ஒரே ஓர் எண்தான் இருந்தது. தமிழ் முப்பத்தைந்து, கணக்கு முப்பத்தைந்து, அறிவியல் முப்பத்தைந்து, வரலாறு முப்பத்தைந்து. காலாண்டிலும் அதே, அரையாண்டிலும் அதே, ஆண்டு முடிவிலும் அதே. நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கினால் பாஸ். அதற்கு மேல் ஒன்று கூடியதும் இல்லை, கீழே ஒன்று குறைந்ததும் இல்லை. அந்த அட்டைகள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. எழுத உட்காரும் முன் எடுத்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

ராத்தா என்றால் அக்கா. எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைவிட மூன்று வயது மூத்தவள். நான்கு வயதில், ஊரில் இருந்தபோது, அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அது இறங்கியபோது கேட்கும் சக்தியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்குள் பேசப் பழகியிருந்ததால் பேச்சு மட்டும் மிஞ்சியது. தட்டையான குரல், சொற்களின் ஓரங்கள் தேய்ந்திருக்கும். எங்கள் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் நாங்கள் தரையை ஓங்கி மிதிப்போம். அதிர்வு தெரிந்து திரும்புவாள்.

பம்பாய்க்கு வந்த பிறகும் அவளைத் தனியாகப் பள்ளிக்கு அனுப்ப உம்மாவுக்குத் துணிவு வரவில்லை. நான் வளரும்வரை காத்திருந்து, அவளுக்கு நான் துணை, எனக்கு அவள் துணை என்று இருவரையும் ஒரே நாளில் ஒரே வகுப்பில் சேர்த்தார்கள். பதிவேட்டில் அவள் நாற்பத்தொன்று, நான் நாற்பத்திரண்டு.

நாங்கள் தாராவியில் இருந்தோம். கீழே வாப்பாவின் கார்கானா. பர்ஸும் பெல்ட்டும் தைக்கிற தோல் பட்டறையை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மேலே ஏணி வைத்து ஏறினால் நாங்கள் குடியிருந்த கோலி, ஒரே அறை. பள்ளி பெரிய சாலைக்கு இந்தப் பக்கம் இருந்தது. கீழ்த்தளத்தில் மராத்தி வகுப்புகள், முதல் மாடியில் இந்தி, இரண்டாம் மாடியில் தமிழ். நான்காம் வகுப்போடு அந்தக் கட்டடம் முடிந்துவிடும். ஐந்தாம் வகுப்புக்குச் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போக வேண்டும்.

முதல் வகுப்பில் எங்களுக்கு வந்த டீச்சரே ஒவ்வோர் ஆண்டும் எங்களோடு அடுத்த வகுப்புக்கு ஏறி வந்தார். அந்தப் பள்ளியின் வழக்கம் அது; நான்காம் வகுப்பை முடித்துவிட்டு ஆசிரியர் மறுபடியும் முதல் வகுப்புக்கு இறங்கிவிடுவார். டீச்சர் மாட்டுங்காவிலிருந்து பஸ்ஸில் வருவார். சேர்ந்த முதல் நாளே உம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் ராத்தாவின் கன்னத்தைத் தொட்டு, "பாவம், அது பாட்டுக்கு உக்காந்திருக்கட்டும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ராத்தா தன்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கென்று சில வேலைகள் இருந்தன. சாக்பீஸ் டப்பா அவள் பொறுப்பு. தண்ணீர்ப் பானையின் மூடி அவள் பொறுப்பு. வருகைப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவாள். வாசிக்கச் சொல்லி ஒரு நாளும் அவளை எழுப்பியதில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது அவள் முறை வந்ததும் டீச்சரின் விரல் அவளைத் தாண்டி என்மேல் நிற்கும். தேர்வில் அவளுக்கும் தாள் உண்டு. அவள் எழுதியதையோ வரைந்ததையோ வாங்கி, மடித்து, முப்பத்தைந்து. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவளுக்கு மட்டும் ரிப்பன் வாங்கி வருவார். அவரைப் போன்ற நல்ல மனுஷியை நான் பிறகு அதிகம் பார்த்ததில்லை. இதை நான் கேலியாக எழுதவில்லை.

வாப்பாவுக்கு மட்டும் அந்த அட்டைகள் பிடிக்கவில்லை. தோலை விரித்து, அட்டை மாதிரிகளை அதன்மேல் வைத்து, விரல் அகலம்கூட வீணாகாமல் வெட்டுவது அவர் வேலை. "ரெண்டு தோலு ஒரே அளவா வராதுளா. நாலு பாடத்துல ஒரே மார்க்கு எப்படி வரும்?" என்பார். உம்மா, "பாஸ் போட்டுருக்காவல்லா, அது போதாதா உங்களுக்கு?" என்று அட்டையை வாங்கிக் குர்ஆன் வைத்திருந்த அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவாள்.

நான்காம் வகுப்பு தொடங்கிய ஜூன் மாதம் இருவருக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. ராத்தாவை ஐந்தாம் வகுப்புக்கு அனுப்ப மாட்டேன் என்றாள் உம்மா. சாலையில் பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்தால் அவளுக்கு என்ன தெரியும் என்றாள். அதில் நியாயம் இருந்தது. மகளுக்குப் பன்னிரண்டு வயது. மேலே இருந்து பர்ஸுக்குப் பசை தடவட்டும், பார்வையில் இருப்பாள். வாப்பா நெடுநேரம் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். மற்றப் பாடங்களெல்லாம் மனப்பாடம், அவை கிடக்கட்டும். "கணக்குல அவளா பாஸ் ஆனான்னா அந்தப் பக்கம் போட்டும், நானே ரோட்டத் தாண்டி விட்டுட்டு வாரேன். டீச்சரு பாஸாக்குனா வேண்டாம்." ராத்தா வாப்பாவின் உதடுகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு சொல்லையும் அவள் தவறவிட்டிருக்க மாட்டாள்.

தீபாவளி விடுமுறை முடிந்து போனபோது டீச்சர் இல்லை. வேறு பள்ளிக்கு மாற்றல் ஆகிவிட்டது. செம்பூரிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். ஒல்லியானவர், கழுத்தில் மஃப்ளர், கையில் வெந்நீர் ஃபிளாஸ்க். தொண்டையில் ஏதோ கோளாறு; சத்தம் போட்டுப் பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள், கீழே இரண்டு மொழிகளில் கூச்சல், வெளியே தோல் தேய்க்கும் இயந்திரங்கள். இதற்கு நடுவே குரல் இல்லாத ஆசிரியர் என்ன செய்வார்? எல்லாவற்றையும் பலகையில் எழுதினார். பாடத்தை எழுதினார், கேள்வியை எழுதினார், "பின்வரிசையில் பேசாதே" என்பதையும் எழுதினார். எழுதி முடித்ததும் டஸ்டரின் மரப்பக்கத்தால் பலகையில் இரண்டு தட்டு. அந்தப் பழைய பலகை சுவரோடும், சுவர் தரையோடும் அதிரும். கடைசி பெஞ்சுவரை எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். ராத்தாவும் பார்ப்பாள்.

முதல் நாளே உயரப்படி எங்களை மாற்றி உட்கார வைத்தார். ராத்தா வயதில் மூத்தவள், வளர்ந்தவள். அவளுக்குக் கடைசி பெஞ்சு. எனக்கு அதற்கு முந்தைய பெஞ்சு, நேர் முன்னால். சாக்பீஸ் டப்பாவை அவள் எடுக்கப் போனபோது, தானே எடுத்துக்கொள்வதாகக் கையால் சொல்லி அவளைத் திருப்பி அனுப்பினார். வருகைப் பதிவும் புது விதம். அவர் பெயர் கூப்பிட மாட்டார். பிள்ளைகளே வரிசையாக "ஒண்ணு சார், ரெண்டு சார்" என்று சொல்லிக்கொண்டு போக வேண்டும். "நாப்பது சார்" என்பது காதில் விழுந்ததும் நான் பின்னால் சாய்ந்து அவள் மேஜையில் முழங்கையால் இடிப்பேன். அவள் "நாப்பத்தொண்ணு சார்" என்பாள். அவள் குரல் சற்று வித்தியாசமாக இருந்தது உண்மைதான். ஆனால் தன் குரலே கைவிட்டுப்போன மனிதர் அடுத்தவர் குரலில் குறை பார்க்கவில்லை. அவளுக்குக் காது கேட்காது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த செய்தி என்பதால் யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

நவம்பர் மாதத் தேர்வில் ராத்தாவுக்குக் கணக்கில் பதினொன்று. தாள் முழுக்கச் சிவப்பு. கீழே, கோடு போட்டதுபோல் நேரான எழுத்தில், "மறுபடி போடு" என்று எழுதியிருந்தார்.

அவள் அந்த வரியைப் பலமுறை வாசித்தாள். அப்புறம் என் தோளைத் தட்டித் தாளைக் காட்டி, "இது எனக்கா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். "எனக்குத்தானா எழுதிருக்காரு?" என்று மறுபடியும் கேட்டாள். தாளில் அவள் எண் இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் நம்பினாள்.

வீட்டில் உம்மா தாளைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள். உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கார்கானாவில் தையல் மிஷினில் இருப்பவர், எட்டிப் பார்த்துவிட்டு, "பதினொண்ணா? இது மார்க்கு இல்ல, கிரிக்கெட் டீமுல்லா" என்றார். வாப்பா தாளை விளக்கடியில் கொண்டுபோய் ஒவ்வொரு கணக்காகப் பார்த்தார். சரியாக இருந்த இடங்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். பதினொன்று சரியாக வந்தது. "இப்பத்தான் ஒரு அளவு வந்துருக்கு" என்றார்.

அதன்பின் ராத்தா மாலை நேரங்களில் ஏணியிறங்கிப் போய் வாப்பாவின் வெட்டுப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். கழிவுத் தோல் துண்டுகளின் உட்புறத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கணக்குப் போடுவாள். பெருக்கலையும் வகுத்தலையும் சுமந்த அந்தத் துண்டுகள் கார்கானாத் தரையெங்கும் கிடந்தன. மாமா ஒன்றைக் குனிந்து எடுத்து, "இத வச்சு ஒரு பெல்ட்டு தச்சா படிச்சவன் எவனாவது வாங்குவான்" என்றார்.

டிசம்பரில் பத்தொன்பது, ஜனவரியில் இருபத்தாறு. இடையில் ஒரு நாள் அவள் பாட நேரத்தில் நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்து அகப்பட்டாள். சார் அவளைப் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னார். நான்கு ஆண்டுகளில் அவள் வாங்கிய முதல் தண்டனை. எனக்கு அழுகை வந்தது. திரும்பிப் பார்த்தால், உயரத்தில் நின்றுகொண்டு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சார் பலகையில், "சிரிப்பு வேறா? இன்னும் ஐந்து நிமிடம்" என்று எழுதி இரண்டு தட்டுத் தட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இதை வாப்பாவிடம் நடித்துக் காட்டினாள், பெஞ்சுக்குப் பதில் ஏணியின் மூன்றாம் படியில் நின்று.

பிப்ரவரியில் முப்பத்து நான்கு.

வாப்பா அந்தத் தாளைக் கார்கானாவில் வேலை செய்த ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினார். தமிழ் தெரியாத ஆட்களிடம் எண்ணை மட்டும் காட்டினார். ஃபெயிலான தாளை இப்படி ஊர்வலம் கொண்டுபோகிற தகப்பனை அவர்கள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள். மாமா, "இன்னும் ஒரே ஒரு ஆளு ஏறுனா பஸ் கெளம்பிரும்" என்றார். உம்மா மட்டும் மனம் ஆறாமல் முணுமுணுத்தாள். "ஒரு மார்க்கு. ஒத்த மார்க்கு கூடப் போட்டா அந்த மனுசனுக்கு என்ன கொறஞ்சு போவுது?"

எனக்கு ஒன்பது வயது. அப்போதே எனக்கு எதுவும் வரிசைப்படி, குறையில்லாமல் இருக்க வேண்டும். வாப்பாவுக்குத் தோல் தரும் வியாபாரி ஆண்டுதோறும் ஒரு டைரி கொடுப்பார்; வாப்பா அதை என்னிடம் தந்துவிடுவார்; நான் நாள் தவறாமல் இரண்டு வரி எழுதுவேன். முப்பத்து நான்கு என்ற எண் அந்தப் பக்கத்தில் எனக்கு மூடாத கதவு மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது. யோசித்துப் பார்த்தேன். டீச்சருக்கு அவளைப் பற்றித் தெரிந்திருந்தது, முப்பத்தைந்து போட்டார். சாருக்குத் தெரியாது; முப்பத்து நான்கு போடுகிறார். ஆகவே குறையும் அந்த ஒரு மார்க், தெரியாமையால் வந்தது. சொல்லிவிட்டால் சரியாகிவிடும். இந்தக் கணக்கை நான் அப்படியே டைரியில் எழுதியிருக்கிறேன். கீழே, "நாளை சாரிடம் சொல்வேன்."

இடைவேளையில் சார் மாடிப்படிக்கருகில் நின்று ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சார், எங்க ராத்தாவுக்குக் காது கேக்காது சார்."

"யாருக்கு?"

"நாப்பத்தொண்ணு சார்."

அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "எப்ப இருந்து?" என்று அந்த உடைந்த குரலில் கேட்டார்.

"நாலு வயசுல இருந்து சார். ஒண்ணுமே கேக்காது."

மூடியில் இருந்த வெந்நீரைக் குடிக்காமல் மறுபடி ஃபிளாஸ்க்கில் ஊற்றினார். "நான் அவளைப் பெஞ்சு மேல நிக்க வச்சேனேம்மா" என்றார்.

"ஆமா சார்" என்றேன். எதற்காக வந்தேனோ அதையும் மறக்காமல் சொன்னேன். "ஒரு மார்க்குதான் சார் வேணும்."

அவர் என் தலையில் கையை வைத்தார். வேலை முடிந்தது என்று நான் நிம்மதியாக வகுப்புக்கு ஓடினேன்.

மறுநாள் காலை பலகையில் பாடம் இல்லை. "தமக்கைக்கு உதவிய தங்கை" என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே என் பெயரையும் எழுதியிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு ஒரு பேனா பரிசாகக் கிடைத்தது. பிறகு சார் கடைசி பெஞ்சுவரை நடந்து போய், ராத்தாவின் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, முதல் பெஞ்சில் தன் மேஜைக்கு அருகில் அவளை உட்கார வைத்தார். அவள் பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் பலகையைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து சார் அவளிடம் மிக அன்பாக இருந்தார். அவளுக்காக வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, தொண்டை வலிக்க வலிக்கப் பேசினார். அப்படிக் கோணலாக இழுத்த வாயிலிருந்து அவளால் ஒன்றையும் படிக்க முடியவில்லை. அவள் முறை வரும்போது "நாப்பத்தொண்ணு" என்று அவரே சொல்லிக்கொண்டார். என் முழங்கைக்கு வேலை போயிற்று. சாக்பீஸ் டப்பா மறுபடி அவள் மடிக்கு வந்தது. அவள் நோட்டில் சிவப்புச் சுழிகள் மறைந்து, பக்கத்துக்குப் பக்கம் சரிக்குறி மட்டும் இருந்தது. ஓரத்தில் "நன்று".

ஒரு வாரம் பார்த்தாள். பிறகு ஒரு நாள் வீட்டுக் கணக்கில் ஐந்தையும் ஆறையும் கூட்டி ஐம்பது என்று எழுதிக்கொண்டு போனாள். சரிக்குறி. நன்று. அந்த நோட்டை வாப்பாவிடம் காட்டவில்லை. கார்கானாவுக்கு இறங்குவதும் நின்றது. கழிவுத் தோல் கழிவுத் தோலாகவே குப்பைக்குப் போயிற்று. மேலே உட்கார்ந்து உம்மாவோடு பர்ஸுக்குப் பசை தடவினாள். "இப்பத்தான் பிள்ளைக்குப் பொறுப்பு வந்துருக்கு" என்று உம்மா சந்தோஷப்பட்டாள்.

என்னோடு அவள் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். அவள் பேசாமல் இருப்பது மற்றவர்கள் பேசாமல் இருப்பதைப் போல அல்ல. பார்ப்பதில்லை, அவ்வளவுதான். பார்க்காவிட்டால் என் வாயில் வருவது எதுவும் அவளுக்கு இல்லை. நான் எதிரே போய் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தரையை மிதித்தேன். கால் வலிக்க மிதித்தேன். கீழேயிருந்து மாமா, "கூரை என் தலையில விழப்போவுது" என்று கத்தினார். அவள் திரும்பவில்லை. டைரியில் அடுத்தடுத்த பக்கங்களில் ஒரே வரி இருக்கிறது: "ராத்தா இன்றும் பேசவில்லை. காரணம் தெரியவில்லை."

ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு முடிந்து, தாள்களைப் பார்க்கக் கொடுத்தார்கள். எனக்குக் கணக்கில் எழுபத்திரண்டு. ராத்தாவின் தாளை எட்டிப் பார்த்தேன். முப்பத்தைந்து.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் கேட்ட ஒரு மார்க் வந்துவிட்டது. இனி வாப்பா அவளைச் சாலையைத் தாண்டி விடுவார், இருவரும் ஒரே பெஞ்சில் ஐந்தாம் வகுப்பில் உட்காருவோம். அவள் தாளை நிதானமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் பக்கத்தில் நின்றாள். ஐந்நூற்று நான்கை எட்டால் வகுக்க வேண்டும். மூன்று மார்க் கணக்கு. அவள் அறுபத்தெட்டு என்று எழுதியிருந்தாள். அதன்மேல் சரிக்குறி இருந்தது.

அவள் எழுந்து சாரின் மேஜைக்குப் போனாள். "சார், இது தப்பு."

சார் எட்டிப் பார்த்தார். அவருக்கு அது தெரிந்தே இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். புன்னகை செய்து, "பரவாயில்லம்மா, போய் உக்காரு" என்று கையால் காட்டினார்.

நான் ஓடிப்போய் அவள் பாவாடையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். மூன்று மார்க் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அவள் என் கையைத் தட்டிவிட்டாள். டப்பாவைத் திறந்து ஒரு சாக்பீஸை எடுத்தாள். பலகையில் அறுபத்தெட்டைப் பெரிதாக எழுதி, எட்டால் பெருக்கி, ஐந்நூற்று நாற்பத்து நான்கு என்று விடை எழுதிக் கோடு போட்டாள். பிறகு டஸ்டரை எடுத்து, மரப்பக்கத்தால் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

வகுப்பு அடங்கிவிட்டது. சார் நிமிர்ந்து பார்த்தார்.

மஃப்ளரைச் சரிசெய்தார். பிறகு பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். சரிக்குறியை அடித்து, அறுபத்தெட்டைச் சுழித்தார். முதல் பக்கத்தில் முப்பத்தைந்தை அடித்து முப்பத்திரண்டு என்று எழுதினார். தாளைக் கொடுக்கப் போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி மேஜையில் வைத்து, கீழே இன்னொன்றும் எழுதிக் கொடுத்தார். "மறுபடி போடு."

ராத்தா அதை வாசித்தாள். முதல் பெஞ்சிலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டு, கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள்.

பிப்ரவரியில் முப்பத்து நான்கு. ஏப்ரலில் முப்பத்திரண்டு. இடையில் நடந்தது, மாடிப்படிக்கருகில் நான் சொன்ன ஒரு வாக்கியம். இந்த மூன்று வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.

வீட்டில் உம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மூணு மார்க்க இவளே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துருக்கா. எங்கயாவது நடக்குமா இது?" மாமா, "பஸ்ஸுல ஏறுன ஆள எல்லாம் எறக்கி விட்டுட்டியேளா" என்றார். வாப்பா முகத்தில் சிரிப்பு இல்லை. கடைசிப் பக்கம்வரை பார்த்தார். அடித்த சரிக்குறியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கார்கானாச் சுவரில் பர்ஸ் மாதிரிகளை மாட்டும் ஆணிகளில் ஒன்றில், மாதிரிகளோடு மாதிரியாக அந்தத் தாளைக் குத்தி மாட்டினார். "இன்னொரு வருசம் அங்கேயே போட்டும்" என்றார். உம்மாவிடம் சொன்னாரா, சுவரிடம் சொன்னாரா தெரியாது. அத்தோடு பேச்சு முடிந்தது.

வழக்கப்படி அந்த ஜூனில் சார் முதல் வகுப்புக்குப் போயிருக்க வேண்டும். தலைமையாசிரியரிடம் கேட்டு இன்னோர் ஆண்டு நான்காம் வகுப்பிலேயே இருந்துகொண்டார். அந்த ஆண்டின் மதிப்பெண் அட்டை மட்டும் என்னிடம் இல்லை. ராத்தாதான் வைத்திருக்கிறாள். இப்போது செம்பூரில் இருக்கிறாள். கேட்டால் தர மாட்டேன் என்கிறாள். இதை எழுதி முடித்ததும் அவளிடம்தான் முதலில் கொடுக்க வேண்டும். தவறு இருந்தால் சிவப்பில் சுழிப்பாள்.

அந்த ஏப்ரல் மாலைக்கு வருகிறேன். எல்லோரும் கீழே இருந்தார்கள். நான் ஏணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். ஜூனில் அந்தச் சாலையை நான் தனியாகத் தாண்ட வேண்டும் என்பது அழுகைக்கு ஒரு காரணம். ராத்தா வந்து எதிரே உட்கார்ந்தாள். ஐம்பத்து மூன்று நாட்களுக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். பார்க்கிறாள் என்று தெரிந்ததும் அத்தனை நாள் கேட்க முடியாததைக் கேட்டுவிட்டேன்.

"பாஸ்தானே ஆயிருந்த. ஏன் ராத்தா அப்படிச் செஞ்ச?"

என் உதடுகள் அசைந்து முடியும்வரை காத்திருந்தாள். கோபம் இல்லை. பாவாடை நுனியால் என் மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"அது நீ வாங்குன மார்க்குளா."

அன்றைய பக்கம் இப்போது என் முன்னால் திறந்திருக்கிறது. சார் பரிசாகத் தந்த பேனாவால், பிழையில்லாமல், வரி கோணாமல் எழுதியிருக்கிறேன்: "ராத்தா இன்று பேசினாள். முப்பத்தைந்து நான் வாங்கிய மார்க் என்கிறாள். நான் வாங்கியது எழுபத்திரண்டு. அவள் ஏதோ தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நாளை விளக்கிச் சொல்ல வேண்டும்."